‘மஸ்ட் நாட் கம்’ என்றால் ‘வர வேண்டாம்’ ஆகுமா?

டியூஷன் அக்கா, சுங்கை சிப்புட், மலேசியா:
போன வாரம் படிவம் 3 பிள்ளை ஒருத்தி கட்டுரையில ‘ஐ மஸ்ட் எ நியூ பேக்’னு எழுதியிருந்தா. சிவப்புப் பேனாவை எடுத்துட்டேன், ஆனா கோடு போட மனசு வரல. அது எங்கேயிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும். வீட்டுல ‘எனக்குப் புதுப் பை வேணும்’ங்கிறோம், ‘நான் போக வேணும்’ங்கிறோம். பொருளுக்கும் வேணும்தான், செயலுக்கும் வேணும்தான். ‘மஸ்ட் என்றால் வேண்டும்’னு யாரோ கரும்பலகையில எழுதிப் போட்டாங்க, பிள்ளை நம்பிட்டா.

கேன், குட், மே, மைட், வில், வுட், ஷல், ஷுட், மஸ்ட். இந்த ஒன்பது துணைவினையையும் வரிசையா எழுதி, பக்கத்துல ஆளுக்கொரு தமிழ் அர்த்தம் போட்டு நடத்துறதை நாம நிறுத்தணும். தனியா எடுத்தா அதுல ஒண்ணும் இல்ல. ‘கான்ட் அஃபோர்ட்’னு வந்தா பின்னால எ கார், எ ஹவுஸ்னு காசு போட்டு வாங்குற பொருள் வரும். ‘கான்ட் ஸ்டேண்ட்’னா தி ஸ்மெல், தி நாய்ஸ். நிக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, சகிக்க முடியலன்னு அர்த்தம். ‘ஐ குட் டூ வித் எ கப் ஆஃப் டீ’ன்னா ஒரு டீ கிடைச்சா நல்லா இருக்கும். சொல் சொல்லாப் பிரிச்சா கையில ஒண்ணும் மிஞ்சாது. துணைவினை, வினை, பின்னால வர்ற பெயர் மூணையும் சேர்த்தே பிள்ளைங்க காதுல விழ வைக்கணும். நான் இனிமே அப்படித்தான் நடத்தப் போறேன். மாற்றுக் கருத்து இருந்தா சொல்லுங்க.

பழைய வாத்தியார்:
அம்மா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்த வழியை ஏற்க மாட்டேன். இப்படிச் சேர்த்துச் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பதென்றால் எத்தனை தொடர்? நகரத்துப் பிள்ளை வீட்டிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலம் கேட்டே வளர்கிறது; தொடர்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். நம் தோட்டத்துப் பிள்ளைக்கு வாரம் சில மணி நேரம் வகுப்பில் கேட்பதுதான் ஆங்கிலம். அவனுக்குக் குறுக்கு வழி விதிதான்.

விதி நான்கே நான்கு. துணைவினைக்குப் பின்னால் வருவது வினையின் அடிச்சொல், இடையில் ‘டு’ கிடையாது. ஹி, ஷி வந்தாலும் ‘ஸ்’ ஏறாது. கேள்விக்கும் மறுப்புக்கும் ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ துணைக்கு வராது. ஒன்றன் மேல் ஒன்று ஏறாது; ‘வில் கேன்’ பிழை, ‘வில் பி ஏபிள் டு’ சரி. முதல் விதியைப் படித்திருந்தால் அந்தப் பிள்ளை மஸ்டுக்குப் பின்னால் பையை வைத்திருக்க மாட்டாள்.

காரணத்தோடு சொன்னால் பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். பழைய ஆங்கிலத்தில் கேன் என்றால் அறிதல், மே என்றால் வலிமை பெற்றிருத்தல், ஷல் என்றால் கடன்பட்டிருத்தல். நாம் நிகழ்காலம் என்று நினைக்கும் இவற்றின் வடிவம் பிறப்பால் இறந்தகால வடிவம். அதனால்தான் ‘ஸ்’ ஒட்டவில்லை. மஸ்டும் ஒரு பழைய இறந்தகாலமே. அதற்கு மேலும் ஓர் இறந்தகாலம் இல்லாததால் ‘ஹேட் டு’வைக் கூப்பிடுகிறோம். கேனுக்குப் பின்னால் ஒரு மொழியின் பெயரை நேரே வைத்துப் பேசிய காலமும் உண்டு. இன்று ‘ஐ கேன் இங்கிலீஷ்’ என்றால் மதிப்பெண் போய்விடும், ‘ஸ்பீக்’ வேண்டும்.

குலை லோரி:
வாத்தியாரய்யா, அக்கா, ரெண்டு பேருக்கும் வணக்கம். நான் படிப்பு குறைவு. செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறேன். நடந்ததைச் சொல்றேன்.

ஒரு நாள் சாயங்காலம் வேலை செய்யுற இடத்துல புதுசா வந்த சூப்பர்வைசர்கிட்டேயிருந்து வாட்ஸ்அப்: ‘யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ.’ நாளைக்கு வரக்கூடாதுன்னு புரிஞ்சுது. யாரு என்ன கோள் சொன்னான், எங்க வண்டியை உரசினேன்னு ராத்திரி பூரா யோசனை. வீட்டுல கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னு பொய் சொன்னேன். விடிய முன்னாடி, பெரட்டுல பேர் கூப்பிடுற நேரத்துக்கே போய் நின்னேன். அவரு என்னைப் பார்த்துட்டு, ‘அண்ணே, மில்லு ரிப்பேரு, வரவேணாம்னு மெசேஜ் போட்டேனே’ங்கிறாரு. தமிழ் ஆளுதான். மனசுல ‘வேணாம்’னு நெனச்சாரு, கை ‘மஸ்ட் நாட்’னு எழுதிடுச்சு.

என் மக இப்போ படிவம் 1. அவ இப்படி எழுதக்கூடாது. இதைத் தடுக்கிறது விதியா, தொடரா? அதை மட்டும் சொல்லுங்க.

டியூஷன் அக்கா:
அண்ணே, அந்த ராத்திரியை நெனச்சா எனக்கே நெஞ்சு கனக்குது. வாத்தியாரய்யா, அந்த வரியைப் பாருங்க. அடிச்சொல் சரி, ‘டு’ இல்ல, ‘டூ’ இல்ல, அடுக்கல. உங்க நாலு விதிக்கும் முழு மதிப்பெண். ஆனா ஒரு மனுஷன் விடிய விடியத் தூங்கல.

ஆறாம் படிவம்:
டீச்சர், சார், நான் இடையில பேசலாம்னு நெனைக்கிறேன். ரெண்டு பேருமே தமிழைத் தள்ளி வைக்கிறீங்க. தமிழ்ல ‘வரக்கூடாது’ வேற, ‘வரத் தேவையில்லை’ வேற. மலாய்லயும் ‘தா போலே’ வேற, ‘தா பாயா’ வேற. அந்த சூப்பர்வைசருக்கு வித்தியாசம் தெரியாம இல்ல. பள்ளியில ‘வேண்டும் = மஸ்ட்’னு மட்டும் எழுதிட்டு மறுப்பை விட்டுட்டாங்க. வேணும் எதிர்ப்பதம் வேணாம், அப்போ மஸ்ட் எதிர்ப்பதம் மஸ்ட் நாட்னு அவரே கணக்குப் போட்டுக்கிட்டாரு. கூடாதுன்னா மஸ்ட் நாட், தேவையில்லைன்னா டோன்ட் ஹேவ் டு. இந்த ரெண்டு வரியைத் தமிழ்லயே சொல்லியிருந்தா போதும்.

இன்னொண்ணு நானே கண்டுபிடிச்சது. நாம எல்லாத்தையும் வினைக்குப் பின்னால தொங்க விடுறோம், இங்கிலீஷ்ல முன்னால வருது. ‘வர-வேண்டி-இருக்கலாம்’. பின்னாலேயிருந்து படிங்க: மே, ஹேவ் டு, கம். ‘வர முடியாமல் போகலாம்’னா மைட், நாட் பி ஏபிள் டு, கம். இதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தயக்கம் போச்சு.

பழைய வாத்தியார்:
தம்பியோ தங்கையோ, அந்தத் தலைகீழ் வாசிப்பு எனக்கே புதிது. வகுப்பில் இருந்த காலத்தில் தெரிந்திருந்தால் பயன்படுத்தியிருப்பேன். ஆனால் ‘வேண்டாம்’ என்பதை நீங்கள் சுலபமாகக் கடந்துவிட்டீர்கள். ‘நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்’ என்று சிரித்த முகத்தோடு சொன்னால் விடுமுறை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னால் வேலை போயிற்று. டாக்டர் ‘எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்’ என்றால் அது தடைதான். தமிழே இரண்டு பக்கமும் சாய்கிறது. ஆகவே தமிழ்ச் சொல்லை வைத்து மட்டும் ஆங்கிலத்தைப் பிடிக்க முடியாது. நான்கு விதிகளை நான் விடமாட்டேன், முதல் பாடம் அதுவாகவே இருக்கட்டும். மறுப்புக்குத் தனிப் பாடம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

டியூஷன் அக்கா:
முதல் பாடம்னுதான் ஐயா நமக்குள்ள சண்டையே. படிவம் 1 பிள்ளைகிட்ட அடிச்சொல்னு ஆரம்பிச்சா கண்ணு ஜன்னலுக்குப் போயிடும். ‘வுட் யூ லைக் எ டிரிங்க்?’னு கேட்டு ஒரு கிளாஸ் சிராப் தண்ணியை நீட்டுங்க, ‘வுட் லைக்’குக்குப் பின்னால நேரே பொருள் வரும்னு அவங்களே சொல்வாங்க. உங்க விதிப்படி பார்த்தா வுட்டுக்கு அடுத்து லைக், அதுக்கு அடுத்து பொருள். விதி அங்கேயே இருக்கு, பேர் வைக்கிறதை மட்டும் ஆறு மாசம் கழிச்சு வைப்போம்.

பழைய வாத்தியார்:
ஆறு மாதம் அதிகம். ஒரு மாதம் தருகிறேன்.

குலை லோரி:
அய்யா, அக்கா, மன்னிக்கணும், அவசரம். இப்போதான் குரூப்ல வந்துச்சு: ‘லோரிஸ் மே நாட் என்டர் ஆஃப்டர் 6 பி.எம்.’ மே நாட்னா வராம இருக்கலாம்னு மக சொல்றா. மணி அஞ்சே கால், நான் இன்னும் ரெண்டாம் தடவை ஏத்திக்கிட்டு இருக்கேன்.

டியூஷன் அக்கா:
அண்ணே, கூடாதுன்னு அர்த்தம். ‘தி லோரி மே நாட் கம்’னு யாராவது பேச்சுவாக்குல சொன்னா உங்க மக சொல்றது சரி, வராம போகலாம். இங்க எல்லா லோரிக்கும் பொதுவா, ‘என்டர்’னு, நேரமும் போட்டு வந்திருக்கு. அறிவிப்புல அப்படி வந்தா தடைதான். ஆறுக்குள்ள கேட்டைத் தாண்டிடுங்க.