புதுப்பிப்பு: கணினியில் எட்டு கோர் இருந்தும் ஒலி வெட்டிய சிக்கல் தீர்ந்தது

செங்கோட்டையில் பதிவுசெய்த நாதஸ்வரம், தவில், செண்டைக் கச்சேரியை ரீப்பர் என்ற ஒலிக்கலவை மென்பொருளில் கலக்கும்போது செயலியின் ஒரு கோர் (கணக்கிடும் அலகு) மட்டும் திணறி ஒலி வெட்டுகிறது, மற்ற ஏழும் சும்மா கிடக்கின்றன என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

பஃபரை, அதாவது ஒரே தடவையில் கணக்கிடும் ஒலித்துண்டின் அளவை, 128 சாம்பிளிலிருந்து 512 ஆக்கியும் வெட்டு குறைந்ததே தவிர நிற்கவில்லை. "மாஸ்டரில் (எல்லா டிராக்குகளும் வந்து சேரும் இறுதித் தடத்தில்) இருப்பதைப் பிரித்துப் போடுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. ஒலியை மெருகேற்றும் துணைக்கருவிகளான ஆறு பிளகின்களையும் மாஸ்டரிலேயே வரிசையாக அடுக்கியிருந்தேன். முன்னது முடிந்தால்தானே அடுத்தது தொடங்கும். அதைப் பல கோர்களுக்குப் பங்கிட வழியே இல்லை. கனமானவற்றைத் தனித்தனி டிராக்குகளுக்கு மாற்றியதும் எல்லாக் கோர்களும் வேலை செய்தன.

எதிர்பாராதது ஒன்று: தவில் டிராக்கில் ரெக்கார்ட் ஆர்ம் (பதிவுக்குத் தயார் நிலை) அணைக்கப்படாமல் இருந்தது. மற்ற டிராக்குகளை ரீப்பர் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும். ஆர்ம் செய்ததை அந்தந்த நேரத்தில்தான். அதையும் அணைத்தேன். இப்போது பஃபர் 128-லேயே சுத்தமாக ஓடுகிறது.