காண்டாமிருக வண்டு: எருக்குழிக்கும் பொறிக்கும் யோசனை வேணும்

அண்ணாச்சிமாரே, களக்காடு பக்கம் தென்னந்தோப்பு, மூணு வயசுக் கன்றுகள். விரிந்த ஓலைகளில் கத்தரிக்கோலால் நறுக்கினது மாதிரி முக்கோண வெட்டு. குருத்தடியில் ஓட்டை, அதில் மென்ற நார். காண்டாமிருக வண்டுதான், சந்தேகமில்லை. தண்டில் செம்பழுப்பு நீர் வடியலை, காது வைத்தால் கரகர சத்தமும் இல்லை. சிவப்புக் கூன்வண்டு இன்னும் வரலைன்னு நினைக்கேன். ஆனா இந்தக் காயத்தில்தான் அது முட்டையிடும், அதான் அவசரம்.

கொக்கிக் கம்பியால் வண்டை எடுத்தாச்சு. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், உள்பக்கத்து மூணு மட்டை இடுக்கில் போட்டிருக்கு. ஐப்பசி மழை அடிச்சா அதெல்லாம் கரைஞ்சிரும்.

மூலம் பக்கத்துத் தோட்டத்து எருக்குழி. கிளறினால் இந்த வண்டோட வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கு. குழியைக் காலி பண்ணச் சொல்ல முடியாது, உரம் அவருக்கும் வேணுமே. புழுவைக் கொல்லுற பச்சை மஸ்கார்டின் பூஞ்சை கலக்கலாம்னா, ஈரம் இல்லாட்டி அது பிடிக்காது. கடையில் வெயிலில் கிடந்த பாக்கெட்டை நம்பவும் முடியலை. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் புதுசா கிடைக்குமா? குழிக்கு எவ்வளவு போட்டீங்க?

வாசனையால் வண்டை இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறியைக் கன்றுகளுக்கு நடுவில் வைத்தால் வெளி வண்டையும் உள்ளே இழுக்குமே. வரப்போரம் வைத்தவங்க, எவ்வளவு தள்ளி வைத்தீங்க? சித்திரை வெயிலில் பொறிக்குள்ள இருக்குற வாசனை மருந்துக்குப்பி எத்தனை வாரம் தாங்குச்சு?