சேகோ கழிவுநீருக்கு மாறியதும் கோபர் கேஸ் எரியவில்லை

ஆத்தூர் பக்கம், 10 கன மீட்டர் மிதவை டிரம் கலன் (வாயு சேரச் சேர மேலே எழும் டிரம் மூடிய சாண எரிவாயுக் கலன்). நாலு வருடமாகச் சாணக்கரைசலில் ஓடியது. ஐந்து வாரம் முன்பு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீர், தினம் 400 லிட்டர், பத்தே நாளில் முழுதாக மாற்றியாயிற்று. அவசரம்தான். இப்போது டிரம் உயர்கிறது, ஆனால் வாயு பற்ற மாட்டேன் என்கிறது, தீக்குச்சியையே அணைக்கிறது. வெளிவரும் கரைசலில் புளிச்ச மோர் வாடை. பி.எச். 5.8. காலையில் கலனுக்குள் 26 டிகிரி.

அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா சில மணி நேரத்தில் இரட்டிக்கும்; அந்த அமிலத்தைத் தின்று, எரியும் வாயுவான மீத்தேனை விடும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிருக்கு நாள்கணக்கு ஆகும், பி.எச். 6.5க்குக் கீழே சோர்ந்துவிடும். சேகோ நீரில் மாவுச்சத்து மிகுதி, நைட்ரஜன் சொற்பம், அதனால் அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மையும் இல்லை.

ஆறு நாள் ஊட்டம் (கழிவுநீர் ஊற்றுவது) நிறுத்தியாயிற்று. சுண்ணாம்பு 3 கிலோ கரைத்து ஊற்றியதில் பி.எச். 6.9 வரை ஏறி, மறுநாளே 6.1. கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து சுண்ணாம்பு அடியில் படிந்ததுதான் மிச்சம். பிறகு சமையல் சோடா 2 கிலோ, அதோடு பக்கத்துத் தோட்டத்துக் கலனில் எடுத்த கரைசல் 200 லிட்டர். மூன்று நாள் 6.6இல் நின்றது. 100 லிட்டர் ஊட்டம் கொடுத்ததும் பழையபடி 5.8.

கலனைப் பாதி காலி செய்து, ஓடுகிற கலனின் கரைசலை 3,000 லிட்டராவது ஊற்றித் தொடங்குவதா, இல்லை ஊட்டத்தை நிறுத்தி யூரியாவும் சோடாவும் போட்டே மீட்டுவிடலாமா?