சேலத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ: வீட்டு வாசலில் இருந்து கணக்குப் போட்டால்

அம்மாப்பேட்டைக்காரன்:
போன ஜனவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன், பெங்களூரிலிருந்து நேர் விமானம். முந்தின வாரமே "எவ்ளோ தூரம்டா?" என்று ஆரம்பித்துவிட்டார். சுமார் 14,000 கி.மீ. என்று சொன்னால் யாருக்கு என்ன புரியும், அதனால் தறியில் கிடந்த பாவு நூலில் ஒரு முழம் அறுத்துவந்து பையனுடைய பூமி உருண்டையில் பிடித்துக் காட்டினேன். ஒரு முனை பெங்களூரில், மறு முனை அங்கே. இழுத்துப் பிடித்தால் நூல் பசிபிக் பக்கமே போகவில்லை, வடக்கே ஏறி சைபீரியாவைத் தாண்டி ஆர்க்டிக் கடலை எட்டிப் பார்த்துவிட்டு அலாஸ்கா வழியாக இறங்குகிறது! சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கே அது புதுசு.

ஆனால் விமானத்தில் முன் சீட்டுத் திரையைப் பார்த்தால் கிழக்கே ஜப்பான் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே! "நூல் வடக்கே போச்சு, இது எங்கடா போகுது?" அப்புறம்தான் பணிப்பெண்ணிடம் கேட்டேன். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஓடுமாம், தூரம் கூடினாலும் அது முதுகில் தள்ளுவதால் சீக்கிரம் போய்விடலாம். திரையில் வேகம் மணிக்கு 1,100 கி.மீ.-ஐத் தாண்டியதை நானே பார்த்தேன். போக 16 மணி நேரம். அதே காற்று எதிரே நின்றதால் திரும்ப 17 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இது வானத்துக் கணக்கு. வீட்டுக் கணக்கு வேறு. காலை 5 மணிக்குக் காரில் ஏறினோம், தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று நின்றுபோய் முக்கால் மணி நேரம், பெங்களூர் ஹெப்பாளில் நெரிசலைக் கேட்கவே வேண்டாம். மதியம் 2 மணி விமானம். அங்கே இறங்கி வரிசையில் நின்று வெளியே வர, மொத்தம் 27 மணி நேரம். ஆனால் அங்கே கடிகாரம் நம்மைவிட 13 மணி 30 நிமிடம் பின்னால் என்பதால் இறங்கியபோதும் அதே தேதி, சாயங்காலம். "காலையில கிளம்பி சாயங்காலம் வந்துட்டோம், இதுக்கா இவ்ளோ பேச்சு" என்றார் அம்மா. 16 மணி நேரமும் தூங்கியவர் வேறு எப்படிப் பேசுவார்!

ஓமலூர்:
எங்களுக்கு சேலத்தின் காமலாபுரம் விமான நிலையம் பக்கத்திலேயே. 2018-ல் சென்னைக்கு விமானம் விட்டார்கள், இடையில் நின்று 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. ரோட்டில் 340 கி.மீ., ஆறு மணி நேரம், விசிறி வைத்த சின்ன விமானத்தில் ஒரு மணிதான். ஆனால் சென்னையில் இறங்கி மயிலாப்பூர் போய்ச் சேர ஒன்றேகால் மணி ஆச்சு, அதை யாரிடம் சொல்ல.

ஏற்காடு:
நாங்கள் சிங்கப்பூருக்குத் திருச்சி வழிதான். மலையில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் தாண்டி திருச்சி போக நாலு மணி நேரம், அங்கிருந்து ஏறக்குறைய 3,000 கி.மீ. பறந்து சிங்கப்பூர் போகவும் அதே நாலு மணி நேரம். விமானத்தில் ஒன்றும் ஆகாத என் மாமியார் பன்னிரண்டாவது வளைவில் வாந்தி எடுத்தார்.

அம்மாப்பேட்டைக்காரன்:
@ஏற்காடு அடுத்த தடவை எலுமிச்சம்பழம் கொடுத்து முன் சீட்டில் உட்கார வையுங்கள்.