சமையல் கத்துக்கிட்டப்போ மனசுல நின்னுபோன ஒரு நிமிஷம்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நீலக்குடை:

வெங்காயம் வதக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதனால நேரா விஷயத்துக்கு வரேன். நான் அடுப்பு முன்னாடி கரண்டியும் கையுமா நிக்கிறேன். அம்மா உள் ரூம்ல துணி மடிச்சிட்டிருக்காங்க. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகி ரொம்ப நேரமாச்சு, நிறம் மட்டும் மாறவே மாட்டேங்குது. திடீர்னு அங்கிருந்தே குரல்: "தீயைக் குறைடி." எட்டிக்கூடப் பார்க்கலை. நான் குனிஞ்சு பார்த்தா, சட்டி ஓரத்துல கிடந்த ஒண்ணு ரெண்டு துண்டோட விளிம்புல மட்டும் மெல்லிசா ஒரு பழுப்புக் கோடு.

"எப்படிம்மா தெரிஞ்சுது?"

"சத்தம் மாறிடுச்சே, கேக்கலையா?"

எனக்குக் கேக்கலை. அதுதான் இன்னிக்கு வரைக்கும் மனசை விட்டுப் போகலை. அப்புறம் காது கொடுத்துக் கேட்டப்பதான் பிடிபட்டுது. ஈரம் இருக்கிற வரைக்கும் சளசளன்னு கனமா ஒரு சத்தம். அதுவரை வெங்காயத்தோட சூடு 100 டிகிரியைத் தாண்டாது, நிறமும் ஏறாது. ஈரம் வத்தினதும் சத்தம் மெலிஞ்சு சிர்ர்னு ஆகும். சூடு கிடுகிடுன்னு ஏறி 140 பக்கம் வரும்போது சிவக்கும். அங்கிருந்து கருகிப்போக ரொம்ப நேரம் பிடிக்காது. இந்தக் கணக்கெல்லாம் நான் படிச்சது. அம்மா எதையும் படிக்காம, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டே சொன்னாங்க.

நடுநிசி:

எங்க வீட்டுல கத்துக்கிட்டவர் அப்பா. அம்மாவுக்குக் கையில ஆபரேஷன், வேற வழியில்லை. ஒரு நோட்டு, ஒரு சின்னத் தராசு, கைக்கடிகாரம் சகிதமா அடுக்களைக்குள்ள வந்தார். உருளைக்கிழங்கு இத்தனை கிராம், தண்ணி இத்தனை மில்லி, முட்டை வேக இத்தனை நிமிஷம்னு எல்லாம் எழுதுவார்.

கட்டு பிரிச்சதும் அம்மா ஒருநாள் கொதிக்கிற சட்டிக்கு மேல உப்பைக் கிள்ளிக் கொண்டுபோனாங்க. அப்பா சட்டுனு அவங்க மணிக்கட்டைப் பிடிச்சு, "இதுல போடு"ன்னு தராசை நீட்டினார். அம்மா போட்டாங்க, அவர் எடை பார்த்தார். மறுநாளும் பிடிச்சார், எடை வேற. அதுக்கடுத்த நாள் இன்னும் வேற. ஆனா சாப்பிட்ட எங்களுக்கு உப்பு ஒருநாளும் கூடினதுமில்லை, குறைஞ்சதுமில்லை. அன்னிக்கு வந்த காய் எவ்வளவு, தண்ணி எவ்வளவு வத்தியிருக்குன்னு பார்த்துத்தான் அவங்க கை கிள்ளுது. அப்பா நோட்டுல மத்த எல்லாம் கிராம் கணக்குல இருக்கு, உப்புக்கு நேரா மட்டும் காலி. மணிக்கட்டைப் பிடிச்சப்போ அம்மா அவரை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கலை. நாற்பது வருஷமா போட்ட உப்பை யாராவது முதல் தடவையா மதிச்சுப் பார்த்தா அப்படித்தான் பார்ப்பாங்க போல.

கதவோரம்:

என்னுது சின்னது. தம்பி எண்ணெய் காய வச்சிட்டு உருளைக்கிழங்கு நறுக்கிட்டிருந்தான். புகை வந்துது, அடுத்த நொடி சட்டி முழுக்கத் தீ. நான் உள்ள வரும்போது தண்ணிச் சொம்பைத் தூக்கிட்டான். தண்ணி தளும்பி விளிம்புல நிக்குது, அந்தச் சொம்புதான் இன்னும் கண்ணுலேயே நிக்குது. கத்தின கத்துல அவன் கை அப்படியே நின்னுடுச்சு. அடுப்பை அணைச்சு, பக்கவாட்டுல இருந்து மூடியைத் தள்ளி மூடினேன். காத்து இல்லாம தீ அடங்கிடுச்சு.

தண்ணி எண்ணெயை விடக் கனம். அடியில இறங்கி ஒரே நொடியில ஆவியாகும். ஒரு பங்கு தண்ணி ஆவியானா ஏறக்குறைய 1,700 பங்கு இடம் கேக்கும். எரியிற எண்ணெய் மொத்தத்தையும் அது மேல தூக்கி வீசிடும். புதுசா சமைக்க நிக்கிறவங்களுக்கு முதல்ல இதைச் சொல்லிக் கொடுங்க, ருசி எல்லாம் அப்புறம்.

அரைக்கரண்டி:

கதவோரம் சொன்னதை அப்படியே ஏத்துக்கிறேன். நீலக்குடை சொன்னதுலதான் எனக்கு உடன்பாடில்லை. சத்தத்தைக் கேளு, வாசத்தைப் பிடின்னு சொன்னா, புதுசா வர்றவங்க பயந்து அடுப்புப் பக்கமே வர மாட்டாங்க. கல்யாணமான புதுசுல மாமியாரிடம் "அரிசிக்குத் தண்ணி எவ்வளவு அத்தை?"ன்னு கேட்டேன். "கண்ணளவுதான்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. கையில பாத்திரத்தோட நான் அங்கேயே நின்னேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

அதனால சொல்றேன், அளந்து பழகுங்க. அரிசியையும் தண்ணியையும் ஒரே டம்ளரால அளங்க. கோழிக்கறிக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க. நடுப்பகுதி 74 டிகிரி வந்தா வெந்தாச்சு, வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை. சாதம் மிஞ்சினா வெளியில வச்சிடாதீங்க. அதுல இருக்கிற ஒரு வகை பாக்டீரியாவோட விதை மாதிரியான வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சாதம் வெதுவெதுன்னு கிடக்கும்போது பெருகி நஞ்சைக் கக்கும், திரும்பச் சுட வச்சாலும் அந்த நஞ்சு போகாது. அகலமான தட்டுல பரப்பி, சீக்கிரம் ஆற வச்சு, ஃபிரிட்ஜுல வையுங்க. ராஜ்மாவை ஊற வச்ச தண்ணியைக் கொட்டிட்டுப் புதுத் தண்ணியில குறைஞ்சது 10 நிமிஷம் தளதளன்னு கொதிக்க விடுங்க. இளஞ்சூட்டுல மெதுவா வேக வச்சா அதுல இருக்கிற நச்சுப் புரதம் அழியாது, வயித்தைப் புரட்டிடும். கத்தி கூரா இருக்கட்டும், மழுங்கின கத்திதான் வழுக்கி விரல்ல ஏறும். வெட்டுற பலகைக்கு அடியில ஈரத்துணி போடுங்க, நகராது. இதுல எதையும் காதால கேட்டுத் தெரிஞ்சுக்க முடியாது.

நீலக்குடை:

அரைக்கரண்டி, கறிக்கும் சாதத்துக்கும் நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா வெங்காயத்துக்கு எந்த அளவு சொல்வீங்க? குறிப்பு எழுதறவங்க பாதிப் பேர் "5 நிமிஷம் பொன்னிறமாக வதக்கவும்"னு எழுதறாங்க. அஞ்சு நிமிஷத்துல கண்ணாடிப் பதம்தான் வரும். நல்லா ஆழமா நிறம் ஏற அரை மணிக்கும் மேல ஆகும். அதை நம்பித் தீயைக் கூட்டிக் கருக்கிட்டு, தனக்குச் சமையல் வராதுன்னு முடிவு பண்ணிடறாங்க புதுசா வர்றவங்க. உங்க மாமியார் "கண்ணளவு"ன்னு சொல்லிட்டுப் போனது தப்புதான். பக்கத்துல நின்னு கண்ணால எதைப் பார்க்கணும்னு காட்டியிருக்கணும்.

மழைக்கால்:

கதவோரம், ஒரு சந்தேகம். நீங்க மூடினது கண்ணாடி மூடியா, ஸ்டீலா? எங்க வீட்டுல இருக்கிறது எல்லாம் கண்ணாடி.

கதவோரம்:

ஸ்டீல். நெருப்பு மேல கண்ணாடியை நம்பாதீங்க, சூட்டுல வெடிச்சுச் சிதறலாம். ஸ்டீல் மூடி இல்லைன்னா சட்டியை விட அகலமான இரும்புத் தட்டு, பேக்கிங் ட்ரே எதுவும் ஆகும். அணைஞ்ச உடனே திறந்து பார்க்கக் கை துறுதுறுங்கும். திறக்காதீங்க, எண்ணெய் சூடாவே இருக்கும், காத்துப் பட்டதும் திரும்பப் பத்திக்கும். நல்லா ஆறட்டும். சட்டியைத் தூக்கிட்டு வெளியே ஓடவும் கூடாது, தளும்பி மேல கொட்டிடும்.