மறு: டர்போவுக்குத் தமிழ்ச்சொல்: மின்னேற்றியா, ஊட்டியா, துருத்தியா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

டர்போ காடியில் எண்ணெய்ச் சிக்கனம் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். அதற்காகப் போன வாரம் டர்போவுக்கு ஒரே ஒரு தமிழ்ச்சொல் கேட்டேன். பதினோரு மடல் வந்திருக்கிறது. தனித்தனியாகப் பதில் எழுதினால் துண்டறிக்கை தீபாவளிக்குத்தான் அச்சாகும். அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடல்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் டவுன் பக்கம் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறார்கள், வேலை ஈப்போவில். சிம்மோர் வழியாகப் பழைய சாலையில் தினமும் போய்வருகிறார்கள். அவர்களில் சிலர் கையில் இப்போது பழைய டர்போ ஹேட்ச்பேக் காடி (கார்). சின்ன எஞ்சின், எண்ணெய் குறைவாகக் குடிக்கும் என்று நம்பி வாங்கியவர்கள். (நாங்கள் பெட்ரோலைத்தான் எண்ணெய் என்போம். சமையலறையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இப்போது ஒவ்வொருவராக வந்து புலம்புகிறார்கள். பூடி95 என்ற அரசு மானியத் திட்டம் 2025இல் வந்தபோது மைகார்டு (அடையாள அட்டை) காட்டினால் லிட்டர் 1 வெள்ளி 99 காசுதான் என்றார்கள். என்றாலும், அந்த விலைக்கு மாத அளவு வைத்தார்கள். காலை அழுத்துகிறவனுக்கு அந்த அளவும் சீக்கிரம் கரையும்.

நானும் அப்படி ஒன்று வாங்கியவன்தான். முதல் இரண்டு மாதம் டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டருக்கு மேல். இப்போது அதே சாலையில் ஏழரையைத் தாண்டுவதில்லை. எப்படி இறங்கியது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரலாம் என்று உட்கார்ந்தபோதுதான் முதல் வரியிலேயே சொல் சிக்கியது.

> டர்போ என்றே எழுதிவிட்டுப் போகலாமே அண்ணே. எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

கிள்ளான் தம்பிக்கு: சொல் தெரியும், அது என்ன செய்கிறது என்பது தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் டர்போசார்ஜர் என்ற முழுப் பெயரைக் கைப்பேசியில் தமிழ்ப்படுத்திப் பார்த்திருக்கிறான். 'சுழல் மின்னேற்றி' என்று வந்திருக்கிறது. அவன் நேரே என்னிடம் வந்து, "இது பேட்டரியில ஓடுறதுதானே அண்ணே, மிதிச்சா எண்ணெய் எப்படிக் கூடும்?" என்று கேட்டான். ஆறு மாதமாக அந்த நம்பிக்கையில் மிதித்திருக்கிறான். சார்ஜ் என்றாலே மின்சாரம் என்று நினைத்த ஏதோ ஒரு மொழிபெயர்ப்பால் வந்த வினை. எஞ்சின்காரர்கள் சார்ஜ் என்பது சிலிண்டர் ஒரு தடவை உள்ளே வாங்கும் சரக்கை, அதாவது காற்றை அல்லது காற்றும் பெட்ரோலும் கலந்ததை. துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பது போல. மின்சாரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

> சுழலி மிகையூட்டி. பொருள் துல்லியம், இலக்கணம் சுத்தம்.

கோவை ஐயா, துல்லியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஊர்ப் போமனிடம் (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வாயால் சொல்லிப் பார்த்தேன். "ஊட்டிக்குப் போறீங்களா?" என்றான். அதுகூடப் பரவாயில்லை. எதை ஊட்டுகிறது, எதனால் சுழல்கிறது என்ற இரண்டும் அந்தச் சொல்லில் இல்லையே. டர்போ என்ற லத்தீன் சொல்லுக்கே பம்பரம் என்று ஒரு பொருள் உண்டு. அந்த வழியில் 'பம்பர ஊதி' என்று யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. அதில் 'ஊதி' என்ற பாதியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மடலையே எழுதுகிறேன்.

என் தாத்தா தோட்டத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். பால்வெட்டும் உளி, மண்வெட்டி, கத்தி எல்லாம் அங்கேதான் காய்ச்சி அடிப்பது. முதலில் தோல் துருத்தி இருந்ததாம், நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது இரும்பில் செய்தது. நத்தை ஓடு மாதிரி ஒரு கூடு, உள்ளே விசிறிச் சக்கரம், வெளியே கையால் சுற்றும் பிடி. சுற்றினால் நத்தையின் வாய் வழியாகக் காற்று உலைக்குள் சீறும். அதற்கும் பெயர் துருத்திதான். தோல் போய் இரும்பு வந்தும் யாரும் பெயரை மாற்றவில்லை.

பள்ளி விட்டு வந்ததும் அதைச் சுற்றுவது எனக்கு ஒரு வெறி. வேகமாகச் சுற்றச் சுற்றச் சிவப்பாகக் கிடக்கும் கரி மஞ்சளாகும், அப்புறம் வெளுத்துக் கண்ணைக் கூசும். உலையில் இரும்பே இல்லாதபோதும் சுற்றிக்கொண்டிருப்பேன். தாத்தா சுத்தியலைக் கீழே வைக்காமலே சொல்வார்: "டேய், ஊதுறதுக்குக் காசில்ல, கரிக்குக் காசு."

டர்போ காடி ஓட்டுகிறவனுக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. டர்போவைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள், அதே நத்தை ஓடுதான், இரண்டு நத்தை முதுகோடு முதுகு ஒட்டியது போல. ஒரு பக்கம் எக்சோஸ் புகை சக்கரத்தைச் சுற்றும். அதே அச்சில் மறுபக்கச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சாதாரணமாகப் போகும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூகி 1905இல் காப்புரிமை கேட்டதும் புகையோடு வீணாய்ப் போகும் ஆற்றலைப் பிடித்து வேலை வாங்கத்தான்.

ஆக, புகை ஓட்டும் துருத்தி. என் முன்மொழிவு: புகைத்துருத்தி.

இதை வைத்துக்கொண்டால் பக்கத்துச் சொற்கள் தாமாக வந்து உட்காருகின்றன. எஞ்சினே வார் போட்டுச் சுற்றும் சூப்பர்சார்ஜர் *வார்த்துருத்தி*. துருத்தி கூட்டும் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட் என்று மீட்டரில் காட்டுவது, *ஊதழுத்தம்*. மிதித்தபின் ஒரு கணம் யோசித்துவிட்டு இழுக்கிறதே, அந்த டர்போ லேக் *துருத்திச் சுணக்கம்*. பூஸ்ட் ஏறாமல் நிதானமாகப் போவதற்கு 'ஊதா ஓட்டம்' என்று முதலில் எழுதி வைத்திருந்தேன். வீட்டில் படித்துவிட்டு, "காடிக்குக் கலர் அடிக்கப் போறீங்களா?" என்று கேட்டதும் அடித்துவிட்டேன். *ஊதாத ஓட்டம்* போதும்.

சரி, சொல்லுக்கும் சிக்கனத்துக்கும் என்ன தொடர்பு என்று மடலில் கேட்டவருக்கு: பெட்ரோல் முழுதாக எரிய எடையில் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும். துருத்தி காற்றைக் கூட்டினால் காடியின் கணினி எண்ணெயையும் கூட்டித்தான் ஆக வேண்டும். ஒரேயடியாக மிதித்தால் இன்னும் மோசம். பல எஞ்சின்களில் சூட்டைத் தணிப்பதற்கென்றே கணக்குக்கு மேல் எண்ணெய் பீய்ச்சப்படும். காற்று இலவசம், கரிக்குக் காசு.

கட்டைவிரல் அளவில் ஓர் ஓபிடி கருவி (காடியின் கணினி சொல்வதைக் கைப்பேசிக்கு அனுப்புவது) வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, கைப்பேசியில் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல். காந்தான் பக்கம் சிமெண்ட் லாரிக்குப் பின்னால் பேசாமல் போகும்போது 50, 60 காட்டும். முந்தலாம் என்று கொஞ்சம் அழுத்தினால் 140, 150 என்று தாவும். முந்திப் போய் அடுத்த விளக்கில் நிற்பேன், லாரியும் பின்னாலேயே வந்து நிற்கும். முந்தியதில் என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்க்கக் கண்ணெதிரே எண் இருந்ததே, அதுதான் என் காலைத் திருத்தியது. ஆகவே துண்டறிக்கையின் முதல் வரி: துருத்தியை ஊத விடாதே.

மற்றவை எல்லாருக்கும் தெரிந்தவைதான், ஓரிரு வரியில் முடித்துவிட்டேன். ரோதாவில் (டயரில்) காற்றைக் காலையில் ஓட்டுமுன் பார்க்க வேண்டும். டயர்களின் அழுத்தம் சராசரியாக 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைந்தால் எண்ணெய்ச் சிக்கனம் சுமார் 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. நெடுஞ்சாலையில் 110இல் போவதற்குப் பதில் 90இல் போனால் காற்றின் தடை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கூரைமேல் சும்மா கிடக்கும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். எஞ்சின் எண்ணெய் புத்தகத்தில் போட்டிருக்கும் தரத்திலேயே இருக்கட்டும், ஏனென்றால் துருத்தியின் அச்சு அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது.

சொல் பற்றிய குறைகளை எழுதுங்கள். 'துருத்திக்கொண்டு நிற்கிறது' என்று யாரும் நகைச்சுவை செய்ய வேண்டாம், அதை நானே செய்துவிட்டேன்.

சுங்கை சிப்புட்டிலிருந்து

---

யாழ்ப்பாணத்திலிருந்து:

துருத்தி எனக்குச் சம்மதம். என்னுடைய பம்பரத்தை நானே கைவிடுகிறேன். ஆனால் 'புகை' வேண்டாம் தம்பி. டர்போவின் சீல் தேய்ந்தால் எஞ்சின் எண்ணெய் கசிந்து எரிந்து நீலப் புகை வரும். உங்களுடைய சொல்லைக் கேட்ட ஒருவர் அந்தப் புகையைக் கண்டு, 'ஓ, புகைத்துருத்தி ஒழுங்காக வேலை செய்யுது' என்று இருந்துவிட்டால்? பழுதும் பெயரும் ஒன்றாக ஒலிக்கக் கூடாது.

---

கோவையிலிருந்து:

சொல்லைப் பற்றி அல்ல, உங்கள் முதல் வரியைப் பற்றி. 'ஊத விடாதே' என்பது பாதி உண்மை. மேட்டில் ஊதாமல் ஏற வேண்டும் என்று கியரைக் குறைத்து 4,000 சுற்றில் எஞ்சினைக் கதறவிட்டால், ஊதழுத்தம் இல்லாமலே எண்ணெய் போகும். உராய்வும், பாதி மூடிய வால்வு வழியாகக் காற்றை இழுக்கும் வேலையும் எஞ்சினுக்கு வீண் செலவு. பெரிய கியரில், குறைந்த சுற்றில், கொஞ்சமாக ஊதவிட்டு ஏறுவது பல நேரம் சிக்கனம். சின்ன எஞ்சினோடு டர்போவைச் சேர்த்ததே அதற்காகத்தான். உங்கள் தாத்தா துருத்தியே இல்லாமல் உளி காய்ச்சினாரா என்ன?

---

மறுபடியும் சுங்கை சிப்புட்டிலிருந்து:

கோவை ஐயா, கடைசிக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். இல்லை, ஊதாமல் காய்ச்சவில்லை. இரும்பு உள்ளே இருக்கும்போது அவரே சுற்றுவார், ஒரே சீராக, மூச்சு விடுவது போல. என்னைத் திட்டியது வெறும் உலையை ஊதியதற்கு.

சனிக்கிழமை தைப்பிங்கில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது சோதித்தும் பார்த்தேன். கோலகங்சார் தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேடு. ஒரு தடவை மூன்றாவது கியரில், 4,000 சுற்றை ஒட்டி, அழுத்தம் 100க்குக் கீழேயே. இன்னொரு தடவை அதே வேகத்தில் ஐந்தாவது கியரைக் கையால் பிடித்து, சுற்று பாதியாக, அழுத்தம் 130 வரை. இரண்டாவதில்தான் திரையில் எண்ணெய்ச் செலவு குறைவாகக் காட்டியது, அதுவும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு. (ஒரே மேட்டை இரண்டு தடவை ஏறச் சுற்றிவந்த எண்ணெயை யாரும் கணக்குக் கேட்க வேண்டாம்.) எஞ்சின் திணறி உறுமும் அளவுக்குச் சுற்றைக் குறைப்பதும் கூடாது, அது வேறு கேடு. முதல் வரியை மாற்றிவிட்டேன்: வேலை இருந்தால் சீராக ஊது, வெறும் உலையை ஊதாதே. ஊதாத ஓட்டம் சமதளத்துக்கு மட்டும்.

அக்காவின் குறை நியாயமானது. போமனிடம் கேட்டபோது அவனும் அதையே சொன்னான்: "புகைன்னு சொன்னா கஸ்டமர் பயந்துருவாங்க அண்ணே." ஆனால் துருத்தியை அவன் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டான். நேற்று என் காடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "துருத்தி ஹோஸ் விண்டிருக்கு, காத்து லீக், அதான் இழுக்க மாட்டேங்குது" என்றான். அதனால் துண்டறிக்கையில் வெறும் துருத்தி. மலேசியச் சாலையில் வார்த்துருத்தி போட்ட காடி எத்தனை ஓடுகிறது, இரண்டையும் பிரித்துச் சொல்ல? பிரிக்க வேண்டிய இடம் வந்தால் 'புகைத்துருத்தி' பாடநூல் எழுதுகிறவர்களுக்கு இருக்கட்டும். அக்காவுக்கு இதில் பாதி வெற்றிதான், மன்னிக்கவும்.

இன்னும் ஒரே ஒரு சொல் பாக்கி. ஓடும் காடியில் கியரில் இருக்கும்போதே காலை எடுத்தால், கணினி எண்ணெய் பீய்ச்சுவதை அறவே நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் உருட்டினால் இந்த லாபம் கிடைக்காது, எஞ்சின் நின்றுவிடாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் நியூட்ரல் போடுவது சிக்கனம் என்று இங்கே பாதிப் பேர் நம்புகிறார்கள், அதனால் இதற்கு ஒரு பெயர் கட்டாயம் வேண்டும். 'ஊட்டறுப்பு' என்று யோசித்தேன், அறுவை மருத்துவம் மாதிரி இருக்கிறது. போமன் 'வாயடைப்பு' என்கிறான். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் ஞாயிறு இரவுக்குள் அனுப்புங்கள். திங்கள் காலை அச்சுக்காரர் கடை திறந்ததும் கொடுத்துவிடுவேன்.