"நன்றாகத்தானே இருக்கிறாய்" என்ற பதில் ஏன் போதவில்லை?

பாடி டிஸ்மார்ஃபியா எனப்படும் உடல் உருவக் கோளாற்றுடன் பதின்ம வயதிலிருந்தே வாழ்ந்து வருபவள் நான். மற்றவர் கண்ணில் படாத, பட்டாலும் பொருட்படுத்தத் தேவையில்லாத ஒரு குறை, நாளின் பல மணி நேரத்தை விழுங்கிவிடுவதே இந்நோயின் இயல்பு. என்னைப் பிடித்துக்கொண்டது இடக் கன்னத்தில் பருக்கள் விட்டுச்சென்ற தழும்புகள்.

வேலைக்குப் புறப்படும் முன் ஒப்பனையால் அவற்றை மறைப்பேன், திருப்தி வராது, கழுவிவிட்டு மறுபடியும் தொடங்குவேன். நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் எம்ஆர்டி ரயில் நிலையத்தை அடைவதற்குள் அது வியர்த்து வழியத் தொடங்கியிருக்கும். ஈசூனிலிருந்து வரும் ரயில் பீஷானைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும், அதுவரை வெளிக்காட்சியைக் காட்டிய சன்னல் கண்ணாடி, மேல்விளக்கின் வெளிச்சத்தில் என் முகத்தைக் காட்டத் தொடங்கும். பார்க்கக் கூடாது என்று எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பார்த்துவிடுவேன். அதன்பின் அலுவலகக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது மனத்தில் நிற்காது. அதனால் நேரம் கூடுதலானாலும் பேருந்திலேயே போன காலம் உண்டு.

இதை அழகின் மீதுள்ள மோகம் என்று நினைப்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்ததில்லை, யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்றே ஏங்கினேன். 1891இல் இத்தாலிய மருத்துவர் மோர்செல்லி விவரித்த இந்நோயை, 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூல் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சிக் கோளாற்றின் உறவுநோய்களுள் ஒன்றாக வைத்தது. கைகளைத் திரும்பத் திரும்பக் கழுவுபவரும் கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவரும் ஒரே விதமான வலையில் சிக்கியவர்கள் என்று மருத்துவர் விளக்கியபோதுதான் என் நாள்கள் எனக்கே விளங்கின.

தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் அத்தை, "என்னம்மா, முகமெல்லாம் இப்படி ஆயிடுச்சு? மஞ்சள் பூசுறது இல்லையா?" என்று அன்போடுதான் கேட்பார். அத்தகைய பேச்சு மட்டுமே இந்நோயை உண்டாக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் மனத்துக்கு அது எண்ணெய்தான். நலம் விசாரிப்பதற்கு முன்பே நிறத்தையும் எடையையும் விசாரிக்கும் நம் பழக்கம் மாறியே ஆக வேண்டும்.

அழகியல் மருந்தகம் ஒன்றில் லேசர் சிகிச்சைக்குப் பின் தழும்புகள் உண்மையிலேயே மங்கின. என் கவலையோ மூக்குக்கு இடம் மாறியது. இந்நோய் உள்ளவர்களுக்கு அழகியல் சிகிச்சை பெரும்பாலும் நிம்மதி தருவதில்லை என்பது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று.

பலன் தந்தது, பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையில் தொடங்கிய, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், மூளையின் வேதிப்பொருளான செரட்டோனின் சார்ந்த மாத்திரையும்தான். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படலாம், பலன் தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் பாதியில் நிறுத்தவில்லை.

சிகிச்சையில் மிகக் கடினமான பங்கு அம்மாவுக்கே வாய்த்தது. "ரொம்பத் தெரியுதாம்மா?" என்று நான் கேட்கும்போதெல்லாம், "ஒண்ணுமே தெரியல, நல்லாத்தானே இருக்கே" என்பார். அந்த ஆறுதல் அடுத்த அறைக்குப் போவதற்குள் தீர்ந்துவிடும், மறுபடியும் வந்து கேட்பேன். பதில் சொல்லச் சொல்லக் கேள்வி வலுப்பெறும் என்று ஆலோசகர் விளக்கிய பிறகு, "இதுக்கு நான் பதில் சொல்லப்போறதில்லம்மா, வா, தோசை ஆறுது" என்று சொல்லப் பழகினார். முதலில் எனக்குக் கோபம் வந்தது, அவருக்கு அழுகை வந்தது. நாளடைவில் கேட்பது குறைந்தது, இன்று கேட்க வேண்டும் என்ற உந்துதல் வந்தாலும் கேட்காமலேயே அது தணிகிறது.

இந்நோயில் தற்கொலை எண்ணம் மிகுதி என்பதால், அந்த நிலையில் இருப்பவர்கள் தள்ளிப்போடாமல் சிங்கப்பூரில் 1767 என்ற 24 மணி நேரத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை உடனே அழையுங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது தூக்கமின்மையையும் மனச்சோர்வையும் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். கண்ணாடியைப் பற்றியும் அதன்முன் செலவாகும் மணி நேரங்களைப் பற்றியும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்கள் கேட்காமலேயே போய்விடக்கூடும்.